பண்ணை வீட்டுத் துப்பாக்கியும் அமெரிக்க உதாரணமும்

துப்பாக்கிச் சட்டங்களை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பேசுவோரிடையே இந்தியாவைப் பற்றி ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. 1857 கிளர்ச்சியில் மிரண்டுபோன வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான் ஆயுதச் சட்டம். ஆளப்படுகிறவன் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே சட்டத்தைப் பெயரளவில் மாற்றி வைத்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு. அமெரிக்காவில் இருப்பதுபோல ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமையாகிவிட்டால் எளியவன் வலியவனுக்கு அஞ்ச வேண்டியிருக்காது. காந்தியே இந்தச் சட்டத்தைக் கண்டித்தவர்தானே என்பது இதற்குத் துணைச் சான்று. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் அமைதியாக இருக்கும் சுவிட்சர்லாந்தும் குடகும் கூடுதல் சான்றுகள்.

இந்த வாதத்தின் வரலாற்றுப் பகுதி பெரும்பாலும் சரி. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. எளியவனுக்குத் துப்பாக்கி பாதுகாப்புத் தரும் என்ற கூற்றை அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் தேடி மறுக்கத் தேவையில்லை. நிலமும் சாதியும் காவல் நிலையமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்குத் தெளிவான பதிவுகள் உள்ள கீழத்தஞ்சையே அதற்குப் போதும்.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் லிட்டன் வைசிராயாக இருந்தபோது வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கு விதிவிலக்கு கிடைத்தது. இனப் பாகுபாடு அப்பட்டமாக எழுதப்பட்ட சட்டம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இந்தியர் அனைவரையும் ஒரேபோல நிராயுதபாணியாக்கவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கும் சமஸ்தானத்தாருக்கும் விலக்கு இருந்தது. மற்றவர்களில் யாருக்கு உரிமம் தரலாம் என்பதை மாவட்ட ஆட்சியர் தீர்மானித்தார். விண்ணப்பித்தவர் எப்படிப்பட்டவர், எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார், ஊரில் என்ன மதிப்பு என்பதைக் காவல் நிலையமும் கிராம அதிகாரிகளும் எழுதி அனுப்ப வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் கர்ணமும் மணியக்காரரும் பெரும்பாலும் மிராசுதார் வீட்டாராகவோ அவர்களுக்கு வேண்டியவர்களாகவோ இருந்தார்கள். பரம்பரைக் கிராம அதிகாரி முறை தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிந்தது. ஆக, வெள்ளைக்காரன் சட்டம் பறித்தது ஊரார் ஆயுதத்தை. விட்டுவைத்தது பண்ணை வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கியை. அடிமைப்படுத்தும் சட்டம் என்று இதைக் கண்டிப்பவர்கள் யார் யாரை அடிமைப்படுத்தியது என்ற கேள்வியில் பாதியைத்தான் கேட்கிறார்கள்.

காந்தியின் பெயரைச் சொல்பவர்களும் அவர் எழுதியதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஆயுதச் சட்டத்தை அவர் கடுமையாகச் சாடியது 1918இல், கேடா மாவட்டத்தில் முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட துண்டறிக்கையில். அந்தச் சட்டம் நீங்க வேண்டுமானால் பட்டாளத்தில் சேருங்கள் என்பது அதன் சாரம். வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று அதில் அவர் கேட்கவில்லை. 1930 ஜனவரியில் வைசிராய் இர்வின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்குவதும் ஒன்று. ஆனால் அது மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு இருந்தது. மேற்கோள் காட்டுவோர் தவறாமல் விட்டுவிடும் பகுதி இந்த நிபந்தனை.

உப்பு வரியை ஒழிப்பதும் அதே பட்டியலில் இருந்தது. அதற்காக அந்த ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். வழிநெடுகத் தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டி வைத்தார்கள். காலனி அரசை எதிர்த்து டெல்டா நடத்திய மிகப் பெரிய போராட்டத்தில் மக்கள் தரப்பில் ஒரு துப்பாக்கியும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் காந்தியை மேற்கோள் காட்ட வேண்டும்.

சுதந்திர இந்தியா இந்தக் கேள்வியை யோசிக்காமல் பழைய சட்டத்தைச் சுமந்துகொண்டு வந்தது என்பதும் உண்மையல்ல. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் அந்த உரிமை இருந்ததை அவர் நினைவூட்டினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. எளியவர்களுக்காக அந்த அவையில் யாரைவிடவும் அதிகம் பேசியவர், எளியவர்களுக்குத் தற்காப்பு என்ற பெயரில் வந்த திருத்தத்தை எதிர்த்தார் என்பதை எளிதில் கடந்துபோக முடியாது.

பிறகு வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சிறிய பிரிவு இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது 14(2). சொத்தைப் பார்த்துத்தான் அதுவரை உரிமம் தரப்பட்டது என்பதற்குச் சட்டமே கொடுத்த ஒப்புதல் அது. பிரிவு எழுதப்பட்டதால் மட்டும் நடைமுறை மாறிவிடவில்லை. அது எந்த அளவுக்கு மாறாமல் இருந்தது என்பதை ஒன்பது ஆண்டுகளில் கீழ்வெண்மணி காட்டியது.

1960களில் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். சண்டை அரைப்படி நெல்லுக்காக. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, செங்கொடியை இறக்கச் சொல்லியும், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்தும் எதிர்த்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. 1968 டிசம்பர் 25 அன்று மாலை மிராசுதார் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி என்பவர் மோதலில் கொல்லப்பட்டார். அன்றிரவு துப்பாக்கிகளோடும் அரிவாள், கம்புகளோடும் ஒரு கும்பல் கீழ்வெண்மணிக்குள் புகுந்தது. ராமையாவின் குடிசையில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கொன்றது நெருப்பு, துப்பாக்கி அல்ல. இதைச் சொல்லியே துப்பாக்கியின் பங்கைக் குறைத்துப் பேசுவது வழக்கம். அந்த இரவு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. கும்பல் வந்தபோது தெருவில் ஆண்கள் இருந்தார்கள். அவர்களிடமும் கம்பும் கல்லும் இருந்தன. கம்புக்குக் கம்பு என்ற நிலையில் அவர்கள் நின்றிருப்பார்கள். சுடத் தொடங்கியதும் நிற்க வழியில்லாமல் போயிற்று. ஓட முடிந்தவர்கள் வயலுக்குள் ஓடித் தப்பினார்கள். பலர் ரவைக் காயங்களோடு ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் முதியவர்களும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஒரு சிறு குடிசைக்குள் புகுந்தார்கள். குடிசைக்கு வெளியே நெருப்பு வைக்க வருகிறவனைத் தடுக்க ஆள் இல்லை. அந்த இரவில் துப்பாக்கி செய்த வேலை ஒரு தெருவை இரண்டாகப் பிரித்தது: ஓட முடிந்தவர், முடியாதவர் என்று. தற்காப்புக் கருவி என்று விற்கப்படும் பொருள் எதற்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று தேவையில்லை.

நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பெருநிலக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் இடம்பெற்ற காரணங்களுள் ஒன்று. இந்தக் காரணம் பல முறை கண்டிக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கிச் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அதற்கு இன்னொரு பொருளும் கிடைக்கிறது. உரிமம் தரும்போது நிலம்தான் நன்னடத்தைச் சான்று. கொலை வழக்கில் தப்பிக்கும்போதும் நிலம்தான் நன்னடத்தைச் சான்று. நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவன் அஞ்சுவான் என்ற அமெரிக்க முழக்கத்துக்கு எல்லா நாட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: நல்லவன் யார் என்று எழுதித் தருபவர் யார்?

இங்கே எதிர்த்தரப்பு தன் வலுவான வாதத்தை வைக்கும். கீழ்வெண்மணியில் துப்பாக்கி ஒரு பக்கம் மட்டும் இருந்தது, அதுதான் கோளாறு, கூலிக்காரன் கையிலும் ஒன்று இருந்திருந்தால் கும்பல் ஊருக்குள் நுழைந்திருக்குமா? கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை ஊகத்தில் இல்லை. இரு பக்கமும் துப்பாக்கி வந்த இடம் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது.

மத்திய பீகாரில் நிலமற்ற தொழிலாளர்கள் பக்கம் நக்சல் குழுக்கள் வழியாக ஆயுதம் வந்தது. நிலவுடைமையாளர்கள் பக்கம் சாதிப் படைகள் எழுந்தன. 1994இல் போஜ்பூரில் உருவான ரண்வீர் சேனா அவற்றில் பெரியது. 1996இல் பதானி டோலாவில் 21 பேர், 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாதேயில் 58 பேர் கொல்லப்பட்டார்கள். எதிர்ப்பக்கத்திலும் 1992இல் பாராவிலும் 1999இல் சேனாரியிலும் படுகொலைகள் நடந்தன. துப்பாக்கி சமநிலையைக் கொண்டுவரவில்லை. படுகொலைக்குப் படுகொலை என்ற கணக்கைக் கொண்டுவந்தது. அதிலும் கூடுதலாகச் செத்தவர்கள் நிலமற்றவர்கள். பதானி டோலா வழக்கிலும் லட்சுமண்பூர் பாதே வழக்கிலும் தண்டிக்கப்பட்டவர்களைப் பாட்னா உயர்நீதிமன்றம் 2012, 2013ஆம் ஆண்டுகளில் விடுவித்தது. கீழ்வெண்மணியின் முடிவுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

உரிமையின் தாயகம் என்று காட்டப்படும் அமெரிக்காவிலும் கதை இதுவே. அங்கே ஆயுத உரிமை 1791இலேயே அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையான கறுப்பினத்தவர் துப்பாக்கி வைத்திருக்கத் தென்மாநிலங்கள் தடைச் சட்டங்கள் போட்டன. 1873 ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்பாக்ஸ் ஊரில் கறுப்பினத்தவர் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்றார்கள். அவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. வெள்ளையர் கும்பலிடம் பீரங்கியும் இருந்தது. கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சரணடைந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்த கறுப்பினத்தவர் 60 முதல் 150 வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன; வெள்ளையர் மூன்று பேர். தண்டனை பெற்ற சிலரையும் 1876இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தனியார் கும்பல் ஒன்று ஆயுதத்தைப் பறித்தால் அரசியல் சட்டத்தின் அந்த உரிமை உதவிக்கு வராது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

வேறு சில செய்திகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் 1956இல் அலபாமாவில் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தார் கலிபோர்னியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கியோடு நடந்தபோது, 1967இல் அதைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். துப்பாக்கி உரிமையின் காவலராகப் பின்னாளில் கொண்டாடப்பட்ட அதே ரீகன்தான். உரிமை எல்லோருக்கும் என்று ஏட்டில் இருக்கலாம். எளியவன் கையில் அது ஏறியதும் சட்டம் விழித்துக்கொள்கிறது.

கீழத்தஞ்சைத் தொழிலாளியைக் கடைசியில் காத்தது எது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 1952இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை நினைத்த நேரத்தில் துரத்தும் அதிகாரத்தைக் குறைத்தது. கீழ்வெண்மணிக்குப் பின் கணபதியா பிள்ளை ஆணையம் கூலிப் பிரச்சினையை விசாரித்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம், மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. இந்தக் கடைசிச் சட்டத்தின் அருமை பண்ணையில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கூலி கேட்டால் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போ என்று சொல்ல முடிந்தவரை மற்ற எந்த உரிமையும் கைக்கு வராது. மனைப் பட்டா கிடைத்த பிறகு அந்த மிரட்டல் செல்லாது. இவற்றில் ஒன்றுகூடத் துப்பாக்கி முனையில் வாங்கப்பட்டதல்ல. சங்கமும் வேலைநிறுத்தமும் தேர்தலும் வாங்கிக் கொடுத்தவை. பீகார் வழியையும் தஞ்சை வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த வட்டாரத்துத் தொழிலாளி குறைந்த சவங்களோடு அதிகம் பெற்றார் என்பதில் குழப்பம் இருக்காது.

எதிர்த்தரப்பு காட்டும் அடுத்த சான்று குடகு. தஞ்சை வயலுக்குப் பாயும் காவிரி பிறப்பது அங்கேதான், தலைக்காவிரியில். ஆற்றின் தலைமாட்டில் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம், கடைமடையில் வேண்டும் என்பது இந்தியச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் முரண். குடகர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் 1861 முதல் விலக்கு உண்டு. 1959 சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் அது தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. செப்டம்பரில் வரும் கைல்போத் திருநாளில் குடகர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். அமைதியாகத்தானே இருக்கிறது அந்த ஊர் என்பது வாதம்.

விலக்கு எதற்குக் கிடைத்தது என்று பார்த்தால் வாதம் திசைமாறும். ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்து உதவியதற்காக ஆணையர் மார்க் கப்பன் கொடுத்த பரிசு அது. காலனிச் சட்டத்தை வெறுப்பவர்கள் அதே காலனி அரசு கொடுத்த விசுவாசச் சலுகையை முன்மாதிரியாகக் காட்டுவது வேடிக்கை. அதைவிட முக்கியம், விலக்கு யாருக்கு என்பது. பிறப்பாலும் நிலத்தாலும் வருவது அது. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் எரவரும் பணியரும் துப்பாக்கி வேண்டுமானால் இந்தியாவின் மற்ற ஊர்க்காரர்களைப் போல உரிமம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியவர்கள். குடகு காட்டுவது எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்தால் அமைதி என்பதை அல்ல; நிலம் உள்ளவர் கையில் மட்டும் துப்பாக்கி இருக்கும் அமைதியை. அப்படிப்பட்ட அமைதி 1968 டிசம்பர் 24 வரை கீழ்வெண்மணியிலும் இருந்தது என்று மிராசுதார்கள் சொல்லியிருப்பார்கள்.

சுவிட்சர்லாந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வீட்டில் துப்பாக்கி இருப்பதற்குக் காரணம் கட்டாய ராணுவப் பயிற்சி. வீட்டுக்குக் கொடுத்திருந்த தோட்டாப் பெட்டிகளை 2007ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் ராணுவம் திரும்ப வாங்கிக்கொண்டது. 2019இல் சட்டத்தை மேலும் இறுக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். பெரும்பான்மையோர் இறுக்கலாம் என்று வாக்களித்தார்கள்.

பயிர்க்காவல் என்ற வாதம் டெல்டாவில் அடிக்கடி காதில் விழும். 1959 சட்டமும் பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு இடம் தருகிறது. மலையோரத்தில் காட்டுப் பன்றிக்கு அது பொருந்தலாம். நெல் வயலுக்கு எதிரி எலி. எலிக்கு டெல்டா கண்டுபிடித்த ஆயுதம் கிட்டி: மூங்கில் பத்தையை வில்லாக வளைத்து, கயிற்றை முறுக்கி, இரையைத் தொட்டதும் கழுத்தில் விழும்படி கட்டிய பொறி. தஞ்சாவூர்க் கிட்டி என்றே வேளாண் நூல்களில் அதற்குப் பெயர். சாயங்காலம் வரப்போரம் வரிசையாக வைத்துவிட்டு விடியற்காலையில் எடுப்பார்கள். கிட்டி வைப்பவருக்குப் பிடித்த எலிக்குக் கூலி. இரட்டைக்குழல் துப்பாக்கியால் ஓர் எலியையும் ஒழித்த மிராசுதார் இல்லை. அது கொக்கும் மடையானும் சுடப் பயன்பட்டது, மீதி நேரம் கூடத்துச் சுவரில் தொங்கி ஊருக்குச் செய்தி சொன்னது.

டெல்டாவில் நிலமில்லாதவர்களிடம் துப்பாக்கி இருந்ததென்றால் அது நரிக்குறவர்களிடம். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி துணி அடைத்துச் சுட வேண்டிய நாட்டுத் துப்பாக்கி. ஒரு வேட்டு போட்டால் அடுத்த வேட்டுக்குள் பறவைக் கூட்டம் அடுத்த ஏரிக்குப் போய்விடும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டையும் குற்றமாயிற்று. பறவைகளைக் காப்பது சரியே. ஆனால் யாரையும் மிரட்டப் பயன்படாத துப்பாக்கிக்காகக் காவல் நிலையம் ஏறியவர்களையும், ஊரையே மிரட்டிய துப்பாக்கிக்கு முறையாக உரிமம் புதுப்பித்துக்கொண்டவர்களையும் ஒரே சட்டம்தான் ஆண்டது.

துப்பாக்கியை எல்லோருக்கும் உரிமையாக்கச் சொல்லும் வாதத்துக்கு நேர் எதிரான பிழையும் உண்டு. நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு என்றால் கடுமை, தண்டனை ஏற ஏறப் பாதுகாப்பு ஏறும் என்று நினைப்பது. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி மலேயாவில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானவர். 1948இல் அங்கே அவசரநிலை அறிவித்த பிரிட்டிஷ் அரசு, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று விதி செய்தது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் அவரிடம் இருந்ததாகக் கைது செய்தார்கள். அவர் யாரையும் சுடவில்லை. இந்திய அரசு கருணை கேட்டது. மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கிச் சட்டம் என்ற பெயரில் அங்கே ஒடுக்கப்பட்டது தொழிற்சங்கம்.

அந்த மரபு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நீண்ட நாள் தொடர்ந்தது. சிங்கப்பூரின் 1973 சட்டப்படி ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே மரண தண்டனை, குண்டு படாவிட்டாலும்கூட. மலேசியா 2023இல்தான் கட்டாய மரண தண்டனையைக் கைவிட்டது. இந்தியாவும் 1988இல் ஆயுதச் சட்டத்தின் 27(3)ஆம் பிரிவில் கட்டாய மரண தண்டனையைச் சேர்த்தது; 2012இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அடித்துவிட்டது. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் சிங்கப்பூர் போய்வந்தவர்கள் அந்த நாட்டு அமைதிக்குத் தூக்குக் கயிறே காரணம் என்று சொல்வதுண்டு. ஜப்பானில் துப்பாக்கிக் குற்றம் அதைவிட அதிகமில்லை. அங்கே அதற்காகத் தூக்குக் கயிற்றை வீசிக் காட்டுவதில்லை. பயிற்சி, தேர்வு, மருத்துவச் சான்று, வீட்டுச் சோதனை என்று உரிமம் வாங்குவதையே ஒரு வேலையாக்கி வைத்திருக்கிறார்கள். நூறு பேருக்கு ஒரு துப்பாக்கிகூட அங்கே இல்லை.

கணக்குக்கு வருவோம். 2018இல் வெளியான சிறு ஆயுத ஆய்வு (Small Arms Survey) அமைப்பின் மதிப்பீட்டில் அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கிகள், இந்தியாவில் 5. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. தற்காப்பு என்று வாங்கி வைத்த துப்பாக்கி வாங்கியவர் வீட்டிலேயே அதிகம் வெடிக்கிறது என்பதைத்தான் இது சொல்கிறது. சாக நினைப்பவன் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி தேடுவான் என்பது இதற்கு வழக்கமான பதில்.

அந்தப் பதில் தவறு என்பதைக் காட்டப் பாக் நீரிணைக்கு அப்பால் பார்த்தால் போதும். நெல் விளையும் நாடான இலங்கையில் பூச்சிமருந்து குடித்துச் சாவது பெரும் கொள்ளைநோய்போல இருந்தது; 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கியது. மனிதர்களின் துயரம் குறைந்ததால் இறங்கவில்லை. இடையில் உள்நாட்டுப் போரும் ஆழிப்பேரலையும் வந்து போயின. கைக்கெட்டும் தூரத்தில் கொல்லும் பொருள் இல்லாமல் போனதுதான் காரணம். மருந்துக்கு உள்ள இந்தக் கணக்கு துப்பாக்கிக்குப் பொருந்தாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. 35 பேர் இறந்த போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் 1996இல் ஆஸ்திரேலியா ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அங்கும் துப்பாக்கித் தற்கொலைகள் அதன்பின் குறைந்தன.

கள்ளத் துப்பாக்கி இருக்கும்வரை சட்டம் நல்லவனைத்தான் கட்டும் என்ற கடைசி வாதத்தில் ஓர் உண்மை உண்டு. இந்தியாவில் இருப்பதாக மதிப்பிடப்படும் 7 கோடித் துப்பாக்கிகளில் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தின் உரிமமில்லாத துப்பாக்கிகள் பற்றிக் கவலை தெரிவித்தபோது, அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்றும் நினைவூட்டியது. ஆனால் கீழ்வெண்மணியை நடத்தியவர்கள் தலைமறைவுக் கொள்ளையர்கள் அல்லர். ஊரறிந்த, வரி கட்டுகிற, அதிகாரிகளோடு பழகுகிற பெரிய மனிதர்கள். நல்லவன், கெட்டவன் என்ற பிரிவினை அவர்களிடம் வேலை செய்யவில்லை.

எனவே ஒப்பிட வேண்டியது எந்த நாட்டுச் சட்டம் தளர்வானது, எது கடுமையானது என்பதை அல்ல. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு எங்கே உண்டு என்பதை. இந்தியச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பொது அமைதி கருதி உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 17ஆம் பிரிவு ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுகிறார்கள். தேர்தல் நேரத்தில் ஊரை மிரட்டக்கூடியது மற்ற நாளில் மிரட்டாது என்ற நம்பிக்கையில் முடிவு வந்ததும் திருப்பித் தருகிறார்கள். கூலித் தகராறும் சாதி மோதலும் உள்ள ஊர்களில், வாக்குப்பதிவுக்குக் காட்டும் அந்த முன்னெச்சரிக்கையை அறுவடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் காட்டத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை.

2019இல் திருத்தம் வந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. அந்தச் செய்திதான் பேசப்பட்டது. அதே திருத்தம் உரிமத்தின் ஆயுளை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. புதுப்பிக்கும் நேரம்தான் உரிமக்காரரைப் பற்றி ஊரில் மறுபடி விசாரிக்கும் நேரம். அந்த விசாரணை இப்போது ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. திருத்தத்தில் முதலில் திரும்பப் பெற வேண்டியது இந்தப் பகுதி.